அடுப்பை மாற்றுமுன் மூடியைப் போடுங்கள்

ஆரணி, சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர்களுக்கும், தறி ஓடும் வீடுகளில் விடியலில் வெந்நீர் வைக்கும் அக்கா தங்கைகளுக்கும், நெசவாளர் சங்கத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

கொஞ்ச காலமாக உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறீர்கள். சோலார் ஹீட்டர் போடலாமா, கீசர் வாங்கலாமா, ஹீட் பம்ப் என்று ஏதோ வந்திருக்கிறதாமே, விறகை விட்டுவிட்டு கேஸுக்குப் போனால் கட்டுப்படியாகுமா, இதில் எது சிக்கனம்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் ஹீட்டர் விற்பவன் இல்லை, விறகு மண்டி வைத்திருப்பவனும் இல்லை. வெப்பத்துக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில், அவ்வளவுதான்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க எந்த ஏற்பாடு நல்லது என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். அங்கே சுவரும் தரையும் சூடாக வேண்டும். நமக்கு அந்தக் கவலை கிடையாது. சித்திரையில் ஆரணி வீதியில் நடந்தாலே போதும், சூடு தானாக ஏறும். நாம் சூடாக்குவது வீட்டை அல்ல, தண்ணீரை. ஆனால் ஒரு நெசவாளர் வீட்டிலும் அதன் பின்கட்டில் இருக்கும் பட்டறையிலும் எரியும் எரிபொருளைக் கூட்டிப் பார்த்தால், குளிர்நாட்டு வீட்டுக்காரர் கவலைப்படுவதைவிட நாம் கூடுதலாகவே கவலைப்பட வேண்டியிருக்கும்.

எது சிக்கனம் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தண்ணீருக்கு? ஏனென்றால் நம் வீடுகளில் சூடாவது ஒரு தண்ணீர் அல்ல, மூன்று. குளிக்கிற தண்ணீர் 40 டிகிரி சூடு இருந்தால் போதும். சாயத் தொட்டித் தண்ணீர் 80, 90 வரை மெல்ல மெல்ல ஏற வேண்டும். பசை எடுக்கிற அண்டா 90க்கும் 95க்கும் நடுவில், கொதிக்காமல், ஆனால் கொதியின் விளிம்பில் நிற்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே சாதனத்தை வாங்கச் சொல்கிறவர் உங்கள் தொழிலை அறியாதவர்.

பசை எடுப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் கணக்குக்காகச் சொல்கிறேன். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செரிசின் என்கிற பசை. பட்டுப்புழு தன் கூட்டை ஒட்டிக்கொள்ளச் சுரப்பது அது. சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த வெந்நீரில் அந்தப் பசை கரைந்து வெளியேறினால்தான் உள்ளே இருக்கிற ஃபைப்ராயின் இழை பளபளக்கும், சாயம் பிடிக்கும். இதற்காக ஒவ்வொரு பாவுக்கும், ஒவ்வொரு ஊடைக்கும் அண்டா நிறையத் தண்ணீரைக் காய்ச்சுகிறோம். பிறகு அலசுகிறோம். பிறகு சாயத்துக்கு இன்னொரு முறை காய்ச்சுகிறோம். பட்டின் எடையைப் போல இருபது, முப்பது மடங்கு எடைத் தண்ணீர் ஒவ்வொரு தடவையும் சூடாகிறது. சேலையை விற்கும்போது பட்டுக்கும் ஜரிகைக்கும் கூலிக்கும் விலை போடுகிறோம். இந்த வெந்நீருக்கு யாரும் தனியாக விலை போட்டதில்லை.

இப்போது கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். அண்டாவில் 100 லிட்டர் பிடிக்கிறது, கிணற்றுத் தண்ணீர் 27 டிகிரி, நமக்கு வேண்டியது 95 என்றால் 6800 கிலோகலோரி. காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3500 கிலோகலோரி தரும். அப்படியானால் இரண்டு கிலோ விறகு போதும் என்று காகிதம் சொல்கிறது. இரண்டு கிலோ விறகில் ஓர் அண்டாவைக் கொதிக்க வைத்தவர் யாராவது உங்களில் உண்டா? மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் எரிகிற நெருப்பில் பத்து, பதினைந்து சதவீதம்தான் தண்ணீருக்குள் போகிறது. பன்னிரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பதினாறு கிலோ விறகு வேண்டும். மிச்சம் பதினான்கு கிலோ எங்கே போயிற்று? அண்டாவின் இரு பக்கமும் ஓடிய சுடரில் கொஞ்சம், புகையில் கொஞ்சம், சுவரில் கொஞ்சம். இதுவும் தண்ணீர் கொதிநிலைக்கு வந்து சேரும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு முக்கால் மணி, ஒரு மணி நேரம் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்க எரிகிற விறகு தனி.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் நம் காசு அதிகம் ஆவியாகிறது. ஆவியாகிறது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியாக மாற ஏறக்குறைய 540 கிலோகலோரி வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைப் புதிதாக 95 டிகிரிக்கு ஏற்றிவிடலாம். ஆக, மூடாத அண்டாவிலிருந்து ஒரு லிட்டர் மேலே போனால், எட்டு லிட்டர் வெந்நீரைச் சாக்கடையில் கொட்டியதற்குச் சமம்.

எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள என்னைக் கூப்பிட வேண்டாம். அண்டாவின் உள்பக்கம் நீர்மட்டத்தில் ஓர் ஆணியால் கீறுங்கள். ஒரு மணி கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். வாய் அகலம் 80 சென்டிமீட்டர் உள்ள அண்டாவில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ஐந்து லிட்டர் போயிருக்கிறது. எட்டால் பெருக்குங்கள்.

மூடி போட்டால் நூல் சிட்டத்தை எப்படித் திருப்புவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கம்பில் மாட்டிய சிட்டத்தை வேகும்போதே மேலும் கீழும் புரட்டாவிட்டால் பசை ஓர் இடத்தில் போகும், இன்னோர் இடத்தில் நிற்கும். முழு மூடி வேண்டாம். இரண்டு பாதியாக வெட்டிய தகர மூடி, கம்பு உட்கார ஓரத்தில் பள்ளம் வெட்டியது, உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்து தருவார்கள். புரட்டும்போது ஒரு பாதியை மட்டும் எடுங்கள். இரண்டு தகரத்துக்கு நடுவில் உமியை நிரப்பி ஓரத்தை மடித்து அடித்தால் கைப்பிடியில் சூடு தெரியாது. அண்டாவின் வயிற்றைச் சுற்றிச் செங்கல் சுவர் வைத்து, இரண்டுக்கும் நடுவில் நெருப்பு ஓட வழி விட்டு, சுவருக்கு வெளியே இன்னொரு வரிசை செங்கல் வைத்து, அந்த இடைவெளியில் உமிச் சாம்பலைக் கொட்டுங்கள். உமிச் சாம்பல் சூட்டைத் தாண்டவிடாது. உருக்கு ஆலைகளில் உருகிய இரும்பின் மேல் சூடு போகாமல் இருக்க இதைத்தான் பரப்புகிறார்கள். நம் ஊரில் அது அரிசி ஆலை வாசலில் குவிந்து கிடக்கிறது.

இதைச் செய்து முடித்த பிறகுதான் எந்த எரிபொருள் என்கிற பேச்சு. ஓட்டை அண்டாவுக்கு எந்த அடுப்பும் கட்டுப்படியாகாது.

எரிபொருளுக்கு விலை ஒப்பிடும்போது கிலோவுக்கு எவ்வளவு, யூனிட்டுக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள். தண்ணீருக்குள் போய்ச் சேர்கிற வெப்பத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். திறந்த அடுப்பில் ஒரு கிலோ விறகு தண்ணீருக்குக் கொடுப்பது 420 கிலோகலோரி. அதே விறகைக் கீழே இரும்புச் சட்டம் வைத்து, வாய் குறுக்கி, புகைபோக்கி கட்டிய அடுப்பில் எரித்தால் 25 சதவீதம் என்று பிடித்தாலும் 875. ஒரு கிலோ கேஸ், வீணாவது போக, சுமார் 6500. ஒரு யூனிட் மின்சாரம் தண்ணீருக்குள் மூழ்கிய கம்பியில் போனால் 820. அதே யூனிட் ஹீட் பம்பில் போனால் ஏறக்குறைய 2500. இன்றைய விலையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். விலை மாதாமாதம் மாறும், இந்த எண்கள் மாறாது. ஒரு கிலோ கேஸுக்கு ஈடாகத் திறந்த அடுப்பில் பதினைந்து கிலோவுக்கு மேல் விறகு வேண்டும், நல்ல அடுப்பில் ஏழரை கிலோ போதும். கேஸ் மலிவா விறகு மலிவா என்பதை உங்கள் அடுப்புதான் தீர்மானிக்கிறது.

விறகைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வேலிகாத்தானோ சவுக்கோ, நிறுத்துத்தான் வாங்குகிறோம். வெட்டிய கையோடு வந்த பச்சை விறகில் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கும். தண்ணீருக்குக் காசு கொடுத்து வாங்கி, அந்தத் தண்ணீரை ஆவியாக்க மீண்டும் விறகு எரிக்கிறோம். நாற்பது சதவீதம் ஈரமுள்ள விறகு கிலோவுக்கு 2400 கிலோகலோரிதான் தரும், இருபது சதவீதம் ஈரமுள்ளது 3400 தரும். கோடையில் வாங்கி, பிளந்து, ஓட்டுக்குக் கீழே காற்றோட்டமாக அடுக்கி ஐப்பசி மழைக்கு முன் காய வைத்திருப்பவர், அதே மழையில் நனைந்த விறகை வாங்குபவரைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக எரிப்பார். இதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம், இடம்தான் வேண்டும். ஆரணி வீட்டில் தறிக்குழிக்கும் பாவுக்கும் போக இடம் எங்கே என்பீர்கள். தெரியும். அதனால்தான் கடைசியில் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

நல்ல அடுப்பு என்பது புதுச் சரக்கல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அமுல்ய ரெட்டி தொடங்கிய அஸ்ட்ரா என்கிற குழு, கிராமத்து அடுப்பை ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டு போய் நிறுத்து, அளந்து, திருத்தியது. அவர்கள் கண்டுபிடித்ததில் மந்திரம் எதுவும் இல்லை. நெருப்பை மூடிய பெட்டிக்குள் வை, கீழிருந்து காற்று வரச் சட்டம் வை, சுடு வாயு பாத்திரத்தை உரசிக்கொண்டு போன பிறகே புகைபோக்கிக்குப் போகட்டும். மத்திய அரசும் 1983இல் புகையில்லா அடுப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி நாடு முழுக்கக் கட்டிக் கொடுத்தது. பல வீடுகளில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது, யாரும் துடைக்கவில்லை, இடித்துவிட்டார்கள். ஆகவே புகைபோக்கி கட்டுகிறவர் அதைத் துடைக்க ஒரு கதவும் வைத்துக் கட்டட்டும்.

கர்நாடகத்தில் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கிறவர்களும் நம்மைப் போலவே வெந்நீரில் கிடந்தவர்கள்தான். 1990களில் டெல்லியின் டெரி ஆராய்ச்சி நிறுவனம், சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவியோடு, அவர்களுக்காக விறகை வாயுவாக்கி எரிக்கிற அடுப்பை உருவாக்கியது. விறகுச் செலவு இறங்கியது. அதைவிட அவர்களுக்குப் பிடித்துப்போனது வேறு: சூடு ஏற்ற இறக்கம் இல்லாமல் நின்றதால் நூலும் நன்றாக வந்தது. ஆனால் அந்த அடுப்புக்கு விறகை ஒரே அளவாகத் துண்டு போட வேண்டும், பழகிய ஆள் நிற்க வேண்டும். வாரத்தில் இரண்டு அண்டா வைக்கும் சின்னப் பட்டறைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகிவிடும். நாள் முழுக்க எரிகிற பெரிய பட்டறைக்குத்தான் சரி.

நமக்குக் கிட்டத்தில் இருப்பது உமி. ஆரணிக்குப் பட்டால் வந்த பெயர் பாதி, அரிசியால் வந்த பெயர் பாதி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆலைக்காரர்கள் அதே உமியை எரித்துத்தான் நெல்லை அவிக்கிறார்கள். அவித்த நெல்லின் மணம் வருகிற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி நாம் வெளியூர் விறகை லாரியில் இறக்கிக்கொண்டிருக்கிறோம். கிலோவுக்கு 3000 கிலோகலோரி தருகிற பொருள் அது. உமி அடுப்பை நம் பாட்டிமார் அறிவார்கள்: நடுவில் குழாயை நிறுத்திச் சுற்றிலும் உமியை இறுக்கி அடைத்து, குழாயை உருவிவிட்டு, கீழே பற்ற வைத்தால் மணிக்கணக்கில் ஒரே சீராகக் கனலும். பசை எடுக்கிற அண்டாவுக்கு வேண்டியது இந்தச் சீரான கனல்தான், தாவி எரிகிற சுடர் அல்ல. உமியின் குறை இரண்டு. சாம்பல் நிறைய விழும், எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேலேயே. அது காற்றில் பறந்தால் வெளிர் ரோஜாவும் சந்தன நிறமும் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எரியும் இடத்துக்கும் சாயம் தோய்க்கும் இடத்துக்கும் நடுவில் சுவர் வேண்டும். விறகுக்கும் அது நல்லதுதான். புகையில் நிற்பது பெரும்பாலும் பெண்கள், அவர்கள் நெஞ்சுக்கும் நல்லது.

சூரியனுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகமாகக் கேட்கிறீர்கள். 100 லிட்டர் சோலார் ஹீட்டர் என்பது இரண்டு சதுர மீட்டர் அளவுள்ள ஏந்தி. நல்ல வெயில் நாளில் தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டரில் ஐந்து யூனிட்டுக்குச் சமமான வெயில் விழுகிறது. அதில் பாதிக்கும் குறைவாகத் தண்ணீருக்குள் போனாலும் சாயங்காலத்துக்குள் 100 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு வந்துவிடும். பட்டறைக்காரருக்கு 60 போதாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 27லிருந்து 95க்குப் போகிற பாதையில் 60 வரைக்கும் வந்துவிட்டால் ஏறக்குறைய பாதி வழி முடிந்தது. மீதியை உமியோ விறகோ ஏற்றட்டும். அண்டாவைப் பச்சைத் தண்ணீரில் தொடங்குவதற்குப் பதிலாக 60 டிகிரியில் தொடங்கினால் கொதிநிலைக்கு வரும் நேரமும் விறகும் பாதியாகும்.

குளிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் சோலார் போடுவதை ஆரணியில் நான் அவ்வளவாக ஆதரிக்க மாட்டேன். இங்கே வெந்நீர் உண்மையில் தேவைப்படுவது கார்த்திகை தொடங்கி மாசி வரை. அந்த மாதங்களின் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழையும் மேகமும். நல்ல வெயில் காய்கிற சித்திரை வைகாசியில் குழாயைத் திறந்தாலே சுடுகிறது. அண்டாவுக்கோ பன்னிரண்டு மாதமும் வெந்நீர் வேண்டும். சூரியனை முதலில் தொழிலுக்குக் கட்டுங்கள், வீடு அதில் பங்கு கேட்டுக்கொள்ளட்டும்.

போடுமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். தண்ணீர் மட்டுமே 100 கிலோ, தொட்டியும் தாங்கியும் வேறு. நாட்டு ஓட்டுக் கூரை இந்தப் பாரத்தைத் தாங்காது. காரைத் தளத்திலோ தனியே எழுப்பிய தூணிலோதான் வைக்க வேண்டும். அடுத்தது போர்த் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர் கண்ணாடிக் குழாய்க்குள் படிந்து படிந்து வெள்ளை ஓடாகும், செம்புக் குழாயையும் அடைக்கும். அப்படிப்பட்ட தண்ணீர்க்காரர்கள், ஏந்திக்குள் ஒரு நீரும் குழாய்க்கு வருவது வேறு நீருமாகச் சுற்றுகிற வகையைத்தான் வாங்க வேண்டும். அல்லது மென்னீராக்கும் தொட்டி வைக்க வேண்டும். மென்னீரால் இன்னொரு லாபமும் உண்டு. கடின நீரில் சோப்பு நுரைக்காது, சுண்ணாம்புச் சோப்பாகத் திரிந்து பட்டில் வெள்ளைப் பொட்டாக ஒட்டும். அதற்கு எத்தனை முறை அலசுகிறீர்கள் என்று நான் கேட்க வேண்டியதில்லை. மூன்றாவது, மானியம். பிரதமரின் சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 78,000 ரூபாய் வரை மானியம் என்று விளம்பரம் வருவது மின்சாரம் தயாரிக்கிற தகடுகளுக்கு, வெந்நீர் ஏந்திகளுக்கு அல்ல. இரண்டையும் சோலார் என்றே சொல்வதால் குழப்பிக்கொண்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மின்சாரத்தில் வெந்நீர் வைக்கும் வீட்டாருக்கு ஒரு கணக்கு. ஐந்து பேருள்ள வீட்டில் ஆளுக்கு 20 லிட்டர் என்று நாளுக்கு 100 லிட்டர் தண்ணீரை 25லிருந்து 42 டிகிரிக்கு ஏற்றினால் இரண்டு யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 120 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டைக் குளியலறையே குடித்துவிடும். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 என்றிருந்த இலவச யூனிட்டை 2023இல் 300 ஆக்கினார்கள். தறிக்கும் விளக்குக்கும் விசிறிக்கும் என்று வந்தது அது. அதையும் கீசரில் கொட்டினால் பில் அடுத்த படிக்கு ஏறும்போது திகைப்பீர்கள்.

கீசர்தான் வேண்டும் என்றால் அதன் நட்சத்திரம் எதைக் குறிக்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பதை அல்ல. சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. ஐந்து நட்சத்திரம் போட்டதை நாள் முழுக்க ஸ்விட்சில் வைப்பதைவிட, மூன்று நட்சத்திரம் போட்டதைக் குளிப்பதற்குக் கால் மணி முன்பு போட்டு அணைப்பவர் குறைவாகச் செலவழிப்பார். பக்கெட்டில் தொங்கவிடுகிற கம்பியும் யூனிட் கணக்கில் கீசருக்குச் சளைத்ததல்ல. ஆனால் ஈரத் தரை, சின்னப் பிள்ளைகள், எர்த் இல்லாத பழைய ஒயரிங். தறி வீட்டில் அதை வைக்காதீர்கள். இதில் நான் சிக்கனம் பேச மாட்டேன். சில வீட்டுப் பரண்களில் நடுவில் நெருப்புக் குழாய் போகிற செம்புப் பாய்லர் கிடக்கும். பழைய பாத்திரக்காரருக்குப் போடாதீர்கள். நெருப்பைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் கொட்டாங்குச்சியிலும் சுள்ளியிலும் ஒரு குடும்பத்துக்கு வெந்நீர் தரக்கூடிய சாதனம் அது. ஈயம் பூசி, தரை கெட்டியான இடத்தில் நிறுத்துங்கள்.

ஹீட் பம்ப் காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு என்று சொல்வது பொய்யல்ல. நம் ஊர் காற்றே சூடாக இருப்பதால் இங்கே அது நன்றாகவே உழைக்கும். ஆனால் வழக்கமாகக் கிடைக்கிறவை 55, 60 டிகிரி வரைக்கும்தான். எனவே சோலாரைப் போல அதுவும் பாதி வழித் துணை. நாள் முழுக்க வேலை நடக்கிற பட்டறைக்கோ, நாலைந்து பேர் சேர்ந்து போடுகிற பொதுத் தொட்டிக்கோ சரிப்படும். ஒரே ஒரு எச்சரிக்கை. அது வெளியே தள்ளுவது குளிர்ந்த, ஈரம் வடிந்த காற்று. குளிர்ந்த காற்று சும்மா கிடைக்கிறதே என்று தறி அறைக்குள் திருப்பிவிட ஆசை வரும், விற்பவரும் அதையே ஒரு லாபமாகச் சொல்வார். நாம் தறிக்குழியைத் தோண்டித் தரையில் இறங்கி உட்கார்ந்து நெய்வதே மண்ணின் ஈரம் நூலுக்கு வேண்டும் என்பதால்தான். வறண்ட காற்றில் பட்டு அறும். அந்தக் காற்றை முற்றத்துக்கு விடுங்கள்.

கேஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுத்தமானது, உடனே ஏறும், உடனே இறங்கும், வெளிர் நிறங்களுக்கு அதைவிட நல்ல நெருப்பு இல்லை. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைப் பட்டறையில் வைப்பது சட்ட விரோதம், 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அதில் ஒரு கிலோவுக்கு விழும் விலையை மேலே சொன்ன 6500ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நீராவிப் பாய்லர் வைத்துக் குழாய் வழியே தொட்டிகளைச் சூடாக்கும் யோசனை சிலரிடம் இருக்கிறது. அழுத்தத்தில் ஓடும் பாய்லருக்கு அரசுக் கொதிகலன் துறையின் சான்று வேண்டும், பழைய இரும்புக் கடையில் வாங்கிய பாய்லரைப் பற்ற வைப்பது வெடிகுண்டோடு குடித்தனம் நடத்துவது.

எல்லா அடுப்புக்கும் பொதுவாக ஒன்று உண்டு, அது எரிபொருளைவிடப் பெரிய செலவு. சாயம் மேடு பள்ளமாகப் பிடித்த ஒரு பாவின் விலையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமிலச் சாயம் பட்டில் வேகமாக ஏறுவது 60க்கும் 80க்கும் நடுவில். அந்த இடத்தில் சூடு திடீரெனத் தாவினால் முதலில் பட்ட சிட்டம் அடர்ந்து குடித்துவிடும், அடுத்தது வெளிறும். பசை எடுக்கும்போது குமிழியிட்டுப் புரண்டு கொதித்தால் இழை ஒன்றோடு ஒன்று உரசி மயிர் எழும், பிறகு எந்தச் சாயத்திலும் அந்தப் பளபளப்பு வராது. அனுபவமுள்ள கை தண்ணீரைப் பார்த்தே சூட்டைச் சொல்லும், மறுக்கவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் சென்னையிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள். நீண்ட தண்டுள்ள ஒரு வெப்பமானி, ஹீட்டரின் விலையில் ஒரு துளிதான். அதை அண்டா ஓரத்தில் தொங்கவிடுங்கள். எந்த அடுப்பை வாங்கினாலும் முதலில் அதை வாங்குங்கள். மேலும் ஒன்று: சாயத்தை உறிஞ்சி முடித்த தொட்டியில் தண்ணீர் இன்னமும் 80 டிகிரியில் இருக்கிறது. வெளிர் நிறத்தை முதலிலும் அதே வரிசையின் அடர் நிறத்தை அடுத்ததாகவும் போட்டால், அதை 60க்கு இறங்கவிட்டு, மிச்சச் சூட்டைக் கொட்டாமல் அடுத்த சுற்றைத் தொடங்கலாம். ஆர்டர் வந்த வரிசையில் தோய்க்காமல் நிறத்தின் வரிசையில் தோய்ப்பதற்கு ஒரு கரும்பலகை போதும்.

சங்கத்துப் பெரியவர்களிடம் கேட்க நினைத்தது இதுதான். ஒவ்வொரு பின்கட்டிலும் ஓர் ஓட்டை அடுப்பு எரிவதற்குப் பதிலாக, பத்துப் பதினைந்து பட்டறைக்கு ஒன்றாகப் பசை எடுக்கும் பொதுக் கூடம் ஒன்றைக் கட்ட முடியாதா? மேலே காரைத் தளத்தில் சோலார் ஏந்திகள், கீழே மென்னீர்த் தொட்டி, உமியில் எரிகிற அடைத்த அடுப்பு, சுவருக்கு இந்தப் பக்கம் வெப்பமானியோடு அண்டாக்கள், ஓரத்தில் விறகு காயவைக்கக் கூரை. கழிவுநீரும் ஒரே இடத்தில் சேரும், கமண்டல நாகநதிக்குப் போவதற்கு முன் அதைச் சுத்தம் செய்வதும் ஒரே இடத்தில் முடியும். சாயம் அவரவர் வித்தை, அவரவர் ரகசியம், அது அவரவர் பட்டறையிலேயே இருக்கட்டும். பசை எடுப்பதில் யாருக்கும் ரகசியம் இல்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்க ஒன்றாக நின்றவர்கள் இதற்கும் நிற்கலாம். யார் நூல் முதலில் வேகும், யார் சிட்டம் யாருடையதோடு கலந்துவிடும் என்று சண்டை வரும் என்பீர்கள். வரத்தான் செய்யும். சிட்டத்துக்குத் துணி முடிச்சு போட்டு அடையாளம் வைக்கிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள். உங்கள் பட்டறையில் அடுத்து வேகப்போகும் பாவுக்கு விறகை நிறுத்துப் போடுங்கள். எவ்வளவு பட்டு, எவ்வளவு தண்ணீர், எத்தனை கிலோ விறகு, நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். அடுத்த பாவுக்கு மூடி போட்டு மீண்டும் எழுதுங்கள். வீட்டாராக இருந்தால் ஒரு வாரத்துக்கு மீட்டரைக் காலையும் மாலையும் குறித்தால் போதும். இருபது சீட்டு சேர்ந்துவிட்டால் எந்த ஹீட்டர் கம்பெனிக்காரர் வந்தாலும் நாம் கேள்வி கேட்கலாம். கணக்குப் போட்டுத் தர நான் வருகிறேன், கூலி வேண்டாம், டீ மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்